உம்மாவுக்காக ஓர் அறை: லண்டனில் வீடு புதுப்பித்த ஐந்து மாதங்கள்



அயல்நாட்டில் குடியேறிய நம் குடும்பங்கள் ஒன்றுகூடினால் வீட்டைப் பற்றிய பேச்சு எழாமல் இராது. எந்தப் பகுதியில் வாங்கலாம், பள்ளிவாசல் எவ்வளவு தொலைவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எப்படி, வட்டியில் விழாமல் வாங்க என்ன வழி என்றெல்லாம் கேட்டுக்கொள்வோம். புதுப்பித்து முடித்த வீட்டின் படங்களைப் பார்த்து ‘மாஷா அல்லாஹ்’ என்று வாழ்த்துவோம். ஆனால் வீட்டிலேயே குடியிருந்துகொண்டு அதன் ஒரு பகுதியை இடித்துக் கட்டிய மாதங்களைப் பற்றி எவரும் விரிவாகச் சொல்வதில்லை. அந்த மாதங்களில்தான் ஒரு குடும்பம் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்பது தெளிவாகிறது. அதனால்தான் இதனை எழுதுகிறோம்.

ஏன் இடித்தோம்?

எங்கள் வீடு கிழக்கு லண்டனில், 1900களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட டெரஸ் வீடு. ஒரு தெரு முழுவதும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இருபுறச் சுவர்களும் அயலாரோடு பொது. கீழே இரண்டு அறைகளும் சமையலறையும், மேலே படுக்கையறைகளும் குளியலறையும். கழிப்பறையும் மேலேதான். இடையில் குறுகலான பதின்மூன்று படிகள்.

உம்மா எங்களோடு வந்து சேர்ந்தது 2011இல். எங்களில் ஒருவருக்கு உம்மா, மற்றவருக்கு மாமி, பிள்ளைகளுக்கு உம்மும்மா. மறு ஆண்டு ஜூலையில் குடியேற்ற விதிகள் மிகவும் இறுகிவிட்டன. அதன்பின் முதிய பெற்றோரை இந்நாட்டுக்கு அழைத்து வைத்துக்கொள்வது அரிதினும் அரிதாயிற்று. அதற்கு முன்பே உம்மாவை எங்களுக்குத் தந்ததற்காக அல்லாஹ்வைப் புகழாத நாள் இல்லை. காயல்பட்டினத்தில் பெண்மக்களுக்கே வீடு கொடுப்பதும், தாய் மகளோடு வாழ்வதும் வழக்கம். ஆகவே மகள் வீட்டில் இருப்பது உம்மாவுக்குப் புதிதன்று. மாறியது கடலும் காற்றும்தான்.

2024ஆம் ஆண்டில் உம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. முழங்கால் வலி முற்றியதால் கீழே முன்னறையை அவர்களின் படுக்கையறையாக்கியிருந்தோம். அவ்வாண்டு வசந்தத்தில் சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவரிடம் சென்றபோது, நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். “படி ஏறணுமே, அதனால அஸருக்கு அப்புறம் குடிக்கிறதில்ல” என்று உம்மா சர்வ சாதாரணமாகச் சொன்னார்கள். பதின்மூன்று படிகளுக்கு அஞ்சித் தாகத்தை அடக்கிக்கொண்டிருந்த ஒரு தாயைப் பற்றி மருத்துவருக்கு நாங்கள் மொழிபெயர்த்துச் சொன்னோம்.

அன்றிரவே முடிவு செய்தோம். கீழ்த்தளத்தின் பின்புறம் மூன்று மீட்டர் நீட்டி, படி ஏதுமின்றிச் சமதளமாக நுழையக்கூடிய கழிப்பறையும் குளியலறையும் கட்ட வேண்டும். இங்கு டெரஸ் வீட்டின் பின்னால் மூன்று மீட்டர் வரையிலான ஒற்றைத் தள நீட்சிக்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை. கட்டட விதிகளின்படியான ஆய்வு மட்டும் கட்டாயம்.

உம்மா முதலில் இணங்கவில்லை. “என்னை ஊருக்கு அனுப்பிடுங்க வாப்பா. எனக்காக நல்லா இருக்கிற வீட்டை உடைக்க வேண்டாம்” என்று மருமகனிடம் சொன்னார்கள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. உடன்பிறந்தார் எவரும் இப்போது இல்லை. அதை உம்மாவும் அறிவார்கள். எனினும் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற எண்ணம் அவர்களை அப்படிப் பேச வைத்தது. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் சிறு சொல்லும் வந்துவிடக் கூடாது என்பதை நாம் சிறு வயதிலிருந்தே ஓதி வருகிறோம். சொல்லில் சலிப்பில்லாமல் இருந்தால் மட்டும் போதுமா, வீட்டின் அமைப்பே அவர்களைச் சலிக்க வைக்கலாமா என்று அன்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம்.

கார் மாற்றுவதற்கென ஒதுக்கிய பணமும், நான்கு ஆண்டுச் சேமிப்பும் கையில் இருந்தன. வட்டிக்கு வாங்குவதில்லை என்பதால், பணம் உள்ள அளவுக்கே திட்டம் என்று வரையறுத்தோம். புதிய சமையலறை வேண்டும் என்ற ஆசை அதில் அடிபட்டுப் போயிற்று. பழைய அலமாரிகளையே கழற்றி மீண்டும் பொருத்துவதென முடிவாயிற்று.

இங்கிலாந்தில் வாழும் வாசகர்களுக்கு ஒரு செய்தி. உடல் இயலாமையுள்ளோர் வீட்டில் இத்தகைய மாற்றங்களைச் செய்ய உள்ளாட்சி மன்றங்கள் 30,000 பவுண்டு வரை உதவித்தொகை வழங்குகின்றன. வருமானக் கணக்கும் பிற நிபந்தனைகளும் உண்டு. ஒப்புதலுக்கு முன்னரே வேலையைத் தொடங்கிவிட்டால் பொதுவாக அது கிடைக்காது. ஆகவே முதலிலேயே கேட்டுவிடுதல் நன்று. காத்திருப்பு நீளும் என்பதால் நாங்கள் எங்கள் பணத்திலேயே செய்தோம். ஆனால் மன்றத்திலிருந்து வந்து பார்த்த பயிற்சி பெற்ற பெண்மணி தந்த ஆலோசனைகள் பெரிதும் பயன்பட்டன. கதவின் அகலம், கைப்பிடிகளின் உயரம், உட்கார்ந்து குளிக்கும் இருக்கையின் இடம் ஆகியவற்றையெல்லாம் உம்மாவை அமரவும் எழவும் செய்து அளந்து சொன்னார்.

சுவர் இருவருக்கும் சொந்தம்

டெரஸ் வீட்டில் ஓர் ஆணி அடித்தாலும் அயலார் காதில் விழும். கூரையைத் தாங்கும் இரும்பு உத்தரத்தின் ஒரு முனையை அயலாரோடு பொதுவான சுவரில் ஏற்ற வேண்டியிருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கென 1996இல் இயற்றப்பட்ட பொதுச்சுவர்ச் சட்டம் உள்ளது. பொதுச்சுவரில் கை வைக்க இரண்டு மாதங்களுக்கு முன்பும், அருகில் அகழி தோண்ட ஒரு மாதத்திற்கு முன்பும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அயலார் பதினான்கு நாள்களுக்குள் மறுமொழி தரலாம். அவர் இணங்காவிட்டால் அளவையாளர் ஒருவர் நியமிக்கப்பட்டு, இருதரப்பு உரிமைகளையும் வரையறுப்பார்.

ஒரு பக்கத்து வீட்டார் இளம் குடும்பத்தினர். மறுநாளே கையொப்பமிட்டுத் தந்தனர். உத்தரம் ஏறும் பக்கத்தில் இருந்தவர் எண்பதை நெருங்கும் ஆங்கிலேய மூதாட்டி. தனியே ஒரு பூனையோடு வாழ்பவர். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

சட்டம் தபாலில் அறிவிப்பை அனுப்ப இடமளிக்கிறது. நாங்கள் நேரில் சென்றோம். அண்டை வீட்டாரின் உரிமையை ஜிப்ரீல் (அலை) அவர்கள் எந்த அளவுக்கு வலியுறுத்தினார்கள் என்பதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தது நாம் அறிந்ததே. அண்டை வீட்டாரையும் வாரிசாக்கிவிடுவார்களோ என்று எண்ணும் அளவுக்கு அந்த வலியுறுத்தல் இருந்தது. அந்த உரிமை அவர் எந்த மார்க்கத்தைச் சார்ந்தவர் என்பதைப் பொறுத்ததன்று. உம்மா செய்து கொடுத்த வட்டலப்பத்தையும் எடுத்துச் சென்றோம். மூதாட்டி தட்டை வாங்கிக்கொண்டார். தாள்களைப் படித்துவிட்டுச் சொல்வதாகக் கூறிக் கதவைச் சாத்தினார்.

பன்னிரண்டு நாள்கள் மறுமொழி இல்லை. பதின்மூன்றாம் நாள் அவரே வந்தார். கழுவிய தட்டு ஒரு கையில், கையொப்பமிட்ட தாள் மறு கையில். தம் சுவரை முன்னதாகப் படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும், வெடிப்பு விழுந்தால் சரிசெய்து தர வேண்டும், பகல் ஒரு மணி முதல் இரண்டு மணி வரை ஓசை கூடாது, அது தாம் கண்ணயரும் நேரம் என்றார். மூன்றும் நியாயமான நிபந்தனைகள். எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். தொழிலாளரின் உணவு இடைவேளையை அந்த நேரத்திற்கே மாற்றினோம். நாளடைவில் அந்த ஒரு மணி நேரம் எங்கள் வீட்டிலும் லுஹர் தொழுவதற்கேற்ற அமைதி நேரமாக அமைந்துவிட்டது. அயலாருக்கெனக் கொடுத்த நேரத்தின் பரக்கத் எங்களுக்கே திரும்பி வந்தது.

ஒரே அறையில் ஒரு குடும்பம்

செப்டம்பர் கடைசியில் வேலை தொடங்கிற்று. தெருவில் இடிபாடுகளைப் போடும் இரும்புத் தொட்டிக்கு மன்றத்தில் தனி அனுமதி வாங்கினோம். சமையலறைக் கூரையின் பழைய பூச்சில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதன் துணுக்கை ஆய்வகத்திற்கு அனுப்பி, இல்லையென்று தெரிந்த பிறகே கை வைத்தோம். இந்நாட்டில் கல்நார் முற்றாகத் தடை செய்யப்பட்டது 1999இல். அதற்கு முற்பட்ட எந்த வீட்டிலும் இச்சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

இந்தக் கால வீடுகளின் உட்கூரை மெல்லிய மரச் சட்டங்களின்மேல் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டது. அதை இறக்கியபோது நூறாண்டுக் கரித்தூள் கொட்டிற்று. கரி எரித்துக் குளிர்காய்ந்த தலைமுறைகளின் புகை அது. பிளாஸ்டிக் திரைகளைத் தொங்கவிட்டு ஓரங்களை நாடா ஒட்டி அடைத்தும், தூசி அலமாரிக்குள்ளும் தலையணைக்குள்ளும் புகுந்தது. முஸ்ஹஃபுகளைத் துணியில் பொதிந்து மாடியில் வைத்தோம்.

பிள்ளைகள் ஒரு சந்தேகம் கேட்டனர். இந்தத் தூசியோடு தொழலாமா? தூசி அழுக்குதான், நஜீஸ் அன்று. தண்ணீர் இல்லாதபோது தயம்மும் செய்வதற்கே மண்ணைத் தந்த மார்க்கம் நம்முடையது. ஆனால் கழிவுக்குழாய் தோண்டிய இடத்து மண் வேறு. ஆகவே பின்கதவருகே ஒரு கோடு கிழித்து, அதற்கு அப்பால் செல்லும் செருப்பு இப்பால் வரக்கூடாது என்று விதி செய்தோம். சுத்தம் வேறு, தூய்மை வேறு என்னும் பாடத்தைப் பிள்ளைகள் அந்தக் கோட்டில் கற்றனர்.

உம்மாவின் முன்னறையே இப்போது சமையலறை, உணவறை, பிள்ளைகள் படிக்கும் அறை, தொழுமிடம் எல்லாம். ஒரு மின் அடுப்பு, ஒரு கெட்டில், சோறு வடிக்கும் மின்கலம், ஒரு மடக்கு மேசை. பாத்திரங்களை மாடிக் குளியலறையில் வாளியில் கழுவினோம். மீன் பொரிப்பதை உம்மாவே தடை செய்தார்கள். படுக்கைவரை வாடை வரும் என்பதால். கஞ்சியும் பருப்புச் சோறும் முட்டையும் மாறி மாறி வந்தன. அலுவலிலிருந்து வரும் எங்களுக்கு இது நெருக்கடி. பிள்ளைகளுக்கோ திருவிழா. எல்லாரும் ஒரே விரிப்பில் ஒரே சஹனில் உண்பது ஊரில் விருந்துகளில் மட்டும் அவர்கள் கண்டது.

டிசம்பரில் பகல் சுருங்கிற்று. லண்டனில் அம்மாதம் சூரியன் எட்டு மணிவாக்கில் உதித்து நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் தொழிலாளர் வீட்டில் இருக்கும் நேரத்திலேயே வந்துவிடும். உம்மா நாற்காலியில் அமர்ந்து தொழுவார்கள். கெட்டிலில் சுட்ட நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து, கெண்டியில் ஊற்றி, பேரப்பிள்ளை ஒருவர் பிடிக்க, கீழே தாம்பாளம் ஏந்தி உளூ செய்வார்கள். “ஊர்ல கிணத்தடியில வாளி வச்சுச் செஞ்சோம். இப்ப எனக்குப் பணிவிடைக்கு ஆள் இருக்கு” என்று சிரிப்பார்கள். இரவுகளுக்கு இருக்கைக் கழிகலம் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். அதை அவர்கள் விரும்பவில்லை. தம் கழிவைப் பிள்ளைகள் எடுத்துக் கொட்டுவது அவர்களை வாட்டிற்று. நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது யார் கொட்டியது என்று கேட்டால், பதில் சொல்லாமல் தஸ்பீஹை உருட்டத் தொடங்குவார்கள்.

பக்கத்து வீட்டின் கதவு

தெருவிலுள்ள வீடுகளின் கழிவு நீர் எல்லாம் பின்புறத் தோட்டங்களுக்கு அடியில் ஒரே குழாயில் ஓடுகிறது. இத்தகைய பொதுக் குழாய்கள் 2011 அக்டோபர் முதல் தண்ணீர் நிறுவனங்களின் பொறுப்பில் உள்ளன. அதற்கு மூன்று மீட்டருக்குள் கட்ட அவற்றின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் பெற்று, அக்டோபர் நடுவில் எங்கள் பழைய மண்குழாயை மாற்றத் தொடங்கியபோது, மூன்று நாள்களுக்கு மாடிக் கழிப்பறையையும் பயன்படுத்த இயலாது என்று கட்டுநர் சொன்னார்.

எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அலுவலகமும் பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் இருந்தன. உம்மாவுக்கு? விடுதி அறை எடுப்பதா, நண்பர் வீட்டுக்கு அனுப்புவதா என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அருகே குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த மூதாட்டிக்கு அது கேட்டிருக்க வேண்டும். தமிழில் பேசிய எங்களிடம், என்ன சிக்கல் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னோம். தம் வீட்டில் மாடிப்படிக்கு அடியிலேயே கழிப்பறை இருப்பதாகவும், உம்மாவைத் தம்மிடம் அனுப்பும்படியும் சொன்னார். கணவரின் கடைசிக் காலத்தில் அவருக்காகக் கட்டியதாம்.

உம்மா தயங்கினார்கள். அந்நியர் வீடு, பூனை வேறு, மொழியும் தெரியாது. முதல் முறை மகள் உடன் சென்றார். எங்கள் வாசலிலிருந்து நடைபாதைக்கு இறங்கி அவர் வாசலுக்கு ஏற இருபது எட்டு. உம்மா கையில் கெண்டியோடு செல்வதைக் கண்டு, அது எதற்கென்று மூதாட்டி கேட்டார், மகள் விளக்கினார். மறுநாள் சென்றபோது அவரே ஒரு குவளையில் வெதுவெதுப்பான நீரை அங்கே வைத்திருந்தார். உம்மா அன்று வீடு திரும்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நான் கேக்கவே இல்ல, வெந்நீர் வச்சிருக்கா” என்றார்கள்.

மூன்று நாள்களில் குழாய் வேலை முடிந்தது. மூதாட்டியோ, கீழ்த்தளக் கழிப்பறை உங்கள் வீட்டில் முடியும்வரை இங்கேயே வரட்டும் என்று உறுதியாகச் சொன்னார். ஒரு சாவியும் தந்தார். அதன்பின் நான்கு மாதங்கள் பகல் பொழுதில் உம்மா அங்கே சென்று வந்தார்கள். செல்லும் போதெல்லாம் சற்று நேரம் அமர்ந்து வருவது வழக்கமாயிற்று. ஒருவர் ஆங்கிலத்தில் பேச, மற்றவர் தமிழில் பேச, இருவரும் புரிந்துகொண்டதாகவே தலையசைப்பர். உம்மா அஸருக்குப் பிறகும் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்கள். நாங்கள் சுவரில் உரிமை கேட்டுச் சென்ற வீடு, கேளாமலேயே கதவைத் திறந்து கொடுத்தது.

கூலியும் காத்திருப்பும்

கட்டுநர் ருமேனியாவிலிருந்து வந்தவர். பூச்சு வேலைக்கு வந்தவர் பஞ்சாபி சீக்கியர். காலை எட்டு மணிக்கு வருவர். பெரும்பாலான மன்றங்கள் வார நாள்களில் எட்டு முதல் ஆறு வரையும், சனிக்கிழமை ஒரு மணி வரையும்தான் ஓசையெழும் வேலையை அனுமதிக்கின்றன, ஞாயிறு கூடாது. பதினோரு மணிக்கு உம்மா இஞ்சித் தேநீர் கொடுத்தனுப்புவார்கள். கட்டுநரின் தாய் ருமேனியாவில் தனியே இருப்பதை உம்மா கைச்சாடையிலேயே கேட்டறிந்தது எப்படியென்று இன்றும் எங்களுக்கு விளங்கவில்லை.

கூலியைக் கட்டங்களாகப் பிரித்திருந்தோம். அடித்தளத்துக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, பூச்சுக்கு ஒன்று. கடைசியில் ஐந்து விழுக்காடு மட்டும் குறைகள் தீர்ந்த பிறகு. அந்தந்தக் கட்டம் முடிந்து ஆய்வாளர் பார்த்துச் சென்ற நாளன்றே, அன்று மாலைக்குள் பணம் அனுப்பினோம். உழைப்பவரின் வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, வங்கி விடுமுறை என்று காரணம் சொல்ல மனம் வரவில்லை.

டிசம்பர் முதல் வாரம் தளத்தின்மேல் ஐம்பது மில்லிமீட்டர் சிமெண்டுக் கலவை இட்டனர். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உலரும் என்பது கட்டுமானத் தொழிலின் கணக்கு. ஐம்பது நாள்கள் அதன்மேல் எதுவும் செய்ய இயலாது. ஈரத்தின்மேல் ஓடு பதித்தால் பின்னாளில் பெயர்ந்துவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவர்கள் இரண்டு வாரம் சென்றனர். ஜனவரியில் சுவர்ப் பூச்சும் மின் இணைப்பும் தொடர வேண்டியிருக்க, கட்டுநர் வேறோர் இடத்து வேலைக்குப் போய்விட்டுப் பத்து நாள்கள் வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. மார்ச் தொடக்கத்தில் ரமலான். நோன்புக்கு முன் உம்மாவுக்குக் கழிப்பறை வேண்டும் என்பதே எங்கள் இலக்கு.

முடித்த வேலைக்கான பணத்தையும் நிறுத்திவையுங்கள், ஓடி வருவார் என்று நண்பர்கள் அறிவுறுத்தினர். நாங்கள் அவ்வாறு செய்யவில்லை. முடித்த வேலையின் கூலி அவருடைய ஹக். அதை நிறுத்த நமக்கு உரிமையில்லை. முடியாத வேலைக்கான பணம் நம்முடைய ஹக். அதை முன்கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை. கோபம் இந்த இரண்டையும் ஒன்றாக்கப் பார்க்கும். இரண்டையும் பிரித்துவைத்து, ஒப்பந்தத்தில் உள்ள நாளைச் சுட்டி மடல் எழுதினோம். பதினொன்றாம் நாள் அவர் வந்தார். உம்மா முதலில் கேட்டது, “உங்கும்மா சுகமா?” என்பதுதான். அவர் தலைகுனிந்து நின்று, தாய் மருத்துவமனையில் இருந்ததாகவும் இடையில் ஊர் சென்று வந்ததாகவும் சொன்னார். வேறோர் இடத்து வேலையும் உண்மை, தாயின் நோயும் உண்மை. பிப்ரவரியில் அவர் ஒரு நாளும் தவறவில்லை.

திசையும் நீரும்

வரைபடத்தில் இரண்டு செய்திகளில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. முதலாவது கழிப்பறைக் கிண்ணத்தின் திசை. ஊரில் நமக்குக் கிப்லா மேற்கு. லண்டனிலிருந்து அது தென்கிழக்கு. வடக்கிலிருந்து ஏறத்தாழ 119 பாகை. முதல் வரைபடத்தில் கிண்ணம் ஏறக்குறைய அத்திசையையே நோக்கியிருந்தது. கட்டடத்தினுள் இருப்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபில் சலுகை உண்டு. எனினும் புதிதாகக் கட்டும்போது பேணுவதே சிறப்பு. கிண்ணத்தைப் பக்கச் சுவருக்குத் திருப்பக் கேட்டோம். குழாயின் வளைவு மட்டும் மாறிற்று.

இரண்டாவது தண்ணீர்த் தெளிப்பான். நம்மவர் வீடுகளில் கழிப்பறைக் குழாயோடு இதை நேரே இணைத்துவிடுவது வழக்கம். ஆனால் இந்நாட்டின் 1999ஆம் ஆண்டுத் தண்ணீர் விதிகள் இதனை மிக உயர்ந்த ஆபத்து வகையில் சேர்த்துள்ளன. தெளிப்பான் கிண்ணத்துக்குள் விழுந்து கிடக்கும்போது குழாயில் அழுத்தம் குறைந்தால், அசுத்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் பின்னோக்கி உறிஞ்சப்படலாம். சாதாரண தடைவால்வு இதற்குப் போதாது. காற்றிடைவெளியுடன் நீர் விழும் தனித் தொட்டி ஒன்றை உயரத்தில் வைத்து, தெளிப்பானுக்கு மட்டும் அதிலிருந்து நீர் வர வேண்டும். கூடுதல் செலவாயிற்று, செய்தோம். நம் தூய்மைக்காக நாம் அமைக்கும் ஒன்று நம் குடும்பத்தின், தெருவின் குடிநீரைக் கெடுக்கும் வாய்ப்பைத் தருவதாக இருக்கக் கூடாது அல்லவா? வீட்டில் தெளிப்பான் வைத்திருப்போர் தகுதி பெற்ற குழாய்ப் பணியாளரிடம் இதைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரமலானுக்கு முன்

பிப்ரவரி நடுவில் தளம் உலர்ந்ததை ஈரமானியால் உறுதி செய்து, நீர்புகாப் படலம் விரித்து, வழுக்காத ஓடுகளைப் பதித்தனர். கைப்பிடிகள் வந்தன. கட்டட ஆய்வாளர் நிறைவுச் சான்று தருவதாகச் சொல்லிச் சென்றபோது ரமலானுக்கு மூன்று நாள்களே இருந்தன. சமையலறைச் சுவருக்கு நிறம் பூசவில்லை. அலமாரிக் கதவுகள் இரண்டு இன்னும் பொருந்தவில்லை. எங்களுக்கு அது பொருட்டாகப்படவில்லை.

உம்மா தடியை ஊன்றி உள்ளே சென்றார்கள். கைப்பிடியைப் பிடித்து ஒரு முறை உட்கார்ந்து எழுந்தார்கள். தாழ்ந்த தொட்டியின் குழாயைத் திறந்து, எவர் உதவியும் இன்றி உளூ செய்தார்கள். “அல்ஹம்துலில்லாஹ்” என்று மட்டும் சொன்னார்கள். அன்றிரவு பேரப்பிள்ளைகளுக்குக் கெண்டி பிடிக்கும் பணி முடிந்தது. அவர்களுக்கு அதில் சற்று வருத்தமே.

அகழி தோண்டியபோது கழற்றிய பின்வேலியை மீண்டும் அமைக்க வேண்டியிருந்தது. எப்படிப்பட்ட வேலி வேண்டும் என்று மூதாட்டியிடம் கேட்கச் சென்றோம். “நடுவில் ஒரு கதவு வைத்துவிடுங்கள், மழையில் அவர் தெருவைச் சுற்றி வர வேண்டாம்” என்றார். ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் புழங்குவதற்குப் பின்புற முடுக்குகள் உண்டு. லண்டன் தோட்டத்திலும் ஒரு முடுக்கு வந்ததே என்று உம்மா மகிழ்ந்தார்கள். கழிப்பறைக்காக இனி அங்கே செல்ல வேண்டியதில்லை. ஆயினும் செல்வது நிற்கவில்லை. ரமலானின் முதல் இஃப்தாருக்கு, ஐந்தே முக்காலுக்கு முன்பே, அந்தக் கதவு வழியே கஞ்சி போயிற்று.

வீடு புதுப்பிக்க எண்ணும் குடும்பங்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புவது இதுதான். ஓட்டின் நிறத்தையும் அலமாரியின் வடிவத்தையும் தேர்ந்தெடுக்கும் முன், வீட்டில் மிக முதியவர் எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள், அவரிடமே கேளுங்கள். அயலாரிடம் சட்டத்தின் தாளோடு மட்டுமன்றி முகமலர்ச்சியோடும் செல்லுங்கள். தொழிலாளரின் கூலியைக் கணக்கு வைத்து, காலம் தாழ்த்தாமல் கொடுங்கள். உலர வேண்டியதற்கு உலரும் காலத்தைக் கொடுங்கள். கையில் உள்ள ஹலாலான பணத்தின் அளவே வீட்டின் அளவாக இருக்கட்டும்.

வீடு அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அதில் பெற்றோருக்கும், பிள்ளைகளுக்கும், சுவருக்கு அப்பால் வாழ்பவருக்கும், கல் சுமந்தவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்குகளைக் குறைவின்றிக் கொடுத்துவிட்டு வாழும் வீடுகளை நம் அனைவருக்கும் அல்லாஹ் தருவானாக! நம் முதியோரின் எஞ்சிய நாள்களை இலகுவாக்கி, அவர்களின் துஆவுக்கு உரியோராக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.